லாரி ஷெட்டுக்கு இரண்டு தடவை தரை போட்டோம்

தண்டலத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டுத் தரையைப் பற்றி யாராவது குறைவாகப் பேசினால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். அந்த வீடே இப்போது இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது இடித்துத் தள்ளிவிட்டார்கள். ஆனாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்தத் தரையை நாங்கள் ஒரே வருஷத்தில் இரண்டு தடவை போட்டோம். முதல் தடவை போட்டது தப்பு. அந்தத் தப்பில் பாதிக்கு மேல் என்னுடையது. அதை மறைக்காமல் சொன்னால்தான் இரண்டாவது தடவை போட்டதைப் பற்றி நான் பெருமையடித்துக்கொள்வது நியாயமாக இருக்கும்.

வீடு என்று சொல்கிறேனே தவிர, அது லாரி ஷெட். சொந்தக்காரர் இரண்டு லாரி வைத்து ஓட்டியவர். லாரிகளை விற்றுவிட்டுப் பட்டணத்துக்குப் போய்விட்டார். ஷெட் சும்மா கிடந்தது. என் வீட்டுக்காரர் ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். அப்போதெல்லாம் அந்தச் சாலையில் இப்போதுபோல வரிசையாகக் கம்பெனிகள் கிடையாது, ஒன்றிரண்டுதான். சைக்கிளில் போய் வரும் தூரத்தில் இடம் வேண்டும் என்று தேடியபோது இது அகப்பட்டது. “கூரைய மட்டும் தொடாதீங்க, மத்தபடி இன்னா வேணா பண்ணிக்குங்க” என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார் சொந்தக்காரர். தொண்ணூற்றொன்றாம் வருஷம் தை மாதம் பால் காய்ச்சினோம்.

லாரிக்குப் போட்ட தரையில் மனிதர் குடியிருந்தால் எப்படி இருக்கும்? மூன்று மட்டமாக இருந்தது. சாலையைப் பார்த்த ஷட்டர் கதவிலிருந்து உள்ளே பத்தடிக்குச் சரிவு, லாரி ஏறி வருவதற்காகப் போட்டது. அதைத் தாண்டினால் நடுப்பகுதி. அங்கே மெக்கானிக் இறங்கி நின்று வேலை பார்ப்பதற்கு ஆள் உயரத்துக்கு ஒரு பள்ளம். அதைக் கனமான பலகைகள் போட்டு மூடியிருந்தார்கள். பலகைகள் தரையைவிட இரண்டு விரற்கடை உயர்ந்து நிற்கும், மிதித்தால் தொம் தொம் என்று கேட்கும். கடைசியில், ஆயில் டிரம் வைப்பதற்காகக் கட்டிய முக்கால் அடி மேடை. அதுதான் என் சமையலறை. மேடையை ஒட்டிப் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு, அதற்கு வெளியே பாத்ரூம்.

முட்டுக் கொடுக்காமல் அந்த வீட்டில் ஒரு சாமானும் நிற்காது. கட்டிலின் இரண்டு கால்களுக்குச் செங்கல் துண்டு. நான் ஜாக்கெட் தைக்கும் மெஷினுக்கு மடித்த அட்டை. பீரோ கதவு தானாகத் திறந்துகொண்டு எங்களை வேடிக்கை பார்க்கும். மேடையில் உட்கார்ந்து நறுக்கும்போது ஒரு வெங்காயம் கை தவறினால் ஷட்டர்வரைக்கும் ஓடும், அதன் பின்னாலேயே நானும் ஓடுவேன். இதெல்லாம் எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. அப்பா வருகிறவரை.

அப்பாவுக்கு வல்லத்தை ஒட்டிய ஊர். கழனியே கதி என்று இருந்த மனிதர். இரண்டு வருஷத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போய்விட்டது. கண்ணில் பிரஷர் ஏறிவிட்டது, இனி திரும்பாது என்று பெரியாஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். அப்பா அண்ணனோடு ஊரில் இருந்தார். அந்தச் சித்திரையில் ஒரு நாள் நான் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போயிருந்தார்கள். அப்பாவின் கட்டில் காலிலிருந்து கொல்லைக் கதவுவரைக்கும் ஒரு மாட்டுக் கயிறு கட்டியிருந்தது. அதைக் கையால் பிடித்துக்கொண்டு அப்பா மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. சாயங்காலம் அண்ணன் வாசலில் கால் வைத்ததுமே பிடித்துக்கொண்டேன்.

“பெத்த அப்பன மாடு மாதிரி கயித்துல வெச்சிக்கீறியே, உனக்கு வெக்கமா இல்ல?”

“அவர எங்கமே கட்டனேன்? புடிச்சிக்கினு நடக்கறதுக்குக் கட்டிக்கீறேன்.”

“ஒண்ணும் வேணாம். எங்கப்பன நான் இட்டுக்கினு போறேன்.”

“எங்க, அந்த லாரி ஷெட்டுக்கா?” அண்ணன் சிரித்தான். “கண்ணு கீறவனே தடுக்கி வுழுவான் அந்த மேட்டுலயும் பள்ளத்துலயும். இட்டுக்கினு போ. ஆனா ஒண்ணு, அவருக்கு எதுனா ஆச்சின்னா அன்னிக்கே வந்து திரும்பி இட்டாந்துருவேன். அப்பறம் நீ வாயே தெறக்கக் கூடாது.”

அப்பா நடுவில் புகுந்து, “வுடுடா, ஒரு பத்து நாள் இருந்துட்டு வரேன்” என்றார். அந்தப் பத்து நாள் என்ற பேச்சுதான் என்னை அறுத்தது. எங்கள் பக்கத்தில் மகள் வீட்டில் தகப்பன் தங்குவது பெரிய கூச்சம். பண்டிகைக்கு வரலாம், விருந்து சாப்பிடலாம், கிளம்பிவிட வேண்டும். மகன் இருக்கும்போது மகள் வீட்டில் உட்கார்ந்து சோறு தின்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அப்பா அதற்குப் பயந்த தலைமுறை.

என் அப்பாவைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், வாயைத் திறந்தால் திட்டுத்தான். அம்மாவைத் திட்டுவார், அண்ணனைத் திட்டுவார், என்னைத் திட்டுவார், மழையைக்கூடத் திட்டுவார். அன்பாக இருக்கும்போது இன்னும் கொஞ்சம் சத்தமாகத் திட்டுவார். அந்த மனிதர் என் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு சொல் கடிந்து பேசவில்லை. நான் உப்புப் போட மறந்த குழம்பை “நல்லா கீதும்மா” என்று சொல்லிச் சாப்பிட்டார். குளிக்க வெந்நீர் சூடு போதவில்லை என்று எனக்கே தெரியும், அவர் “போதும்மா, போதும்மா” என்றார். இவர் என் வீட்டில் விருந்தாளியாக இருக்கக் கூடாது, என் அப்பாவாக இருக்க வேண்டும். அந்த வருஷம் முழுக்க எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

வந்த இரண்டாம் நாளே சமையல் மேடையில் இடித்துக்கொண்டு விழுந்தார். முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து ரத்தம். நான் பதறியடித்துத் தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் குழைத்துக்கொண்டு ஓடினேன். “ஒண்ணும் இல்லம்மா, காலு பழகிரும்” என்றார். சொன்னபடியே பழகியும்விட்டது. ஒரு வாரத்துக்குள் கட்டிலிலிருந்து பாத்ரூமுக்கும், பாத்ரூமிலிருந்து ஷட்டருக்குப் பக்கத்தில் போட்டிருந்த நாற்காலிக்கும் கையைப் பிடிக்க ஆள் இல்லாமல் போய் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து லாரிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது அவருக்குப் பிடித்திருந்தது. எப்படி இவ்வளவு சீக்கிரம் பழகினார் என்று நான் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. யோசிக்கவில்லை. மேடும் பள்ளமும் என்று அண்ணன் சிரித்த சிரிப்பு என் காதிலேயே உட்கார்ந்திருந்தது.

“இந்தத் தரைய எதுனா பண்ணுங்க” என்று வீட்டுக்காரரை நச்சரித்தேன். அவருக்கு அது கல்யாணச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதுபோல இருந்தது.

“மட்டம் பண்றதுதான் என் வேலயே” என்றார்.

உண்மைதான். கம்பெனிக்குப் புது மெஷின் வந்தால் அதை இடத்தில் நிறுத்தி, அடியில் தகடு கொடுத்து, மட்டம் பார்த்து, போல்ட் போட்டு இறுக்குவது அவர் வேலை. தலைமுடி அளவு சாய்வு இருந்தாலும் கண்டுபிடித்துச் சொல்லிவிடுகிற லெவல் ஒன்று கம்பெனியில் இருந்தது. இரும்பில் செய்தது, நடுவில் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு குமிழி. சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அதை வாங்கி, குழந்தையைத் தூக்கி வருவதுபோலத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்.

மேஸ்திரி ஒருவரைப் பிடித்தோம். மேடையை இடித்து, அந்தக் கல்லையும் மண்ணையும் பள்ளத்துக்குள் கொட்டி மூடி, சரிவுக்குக் கிராவல் அடித்துத் தூக்கி, ஷட்டர்முதல் கடைசிச் சுவர்வரை ஒரே தரையாக்குவது என்று திட்டம். சைக்கிள் ஏற்ற வசதியாக ஷட்டருக்கு வெளியே மட்டும் சாலைப் பக்கமாகச் சரிவு. வேலை நடந்த நாட்களில் அப்பாவைப் பின்பக்கம் வேப்பமர நிழலில் கட்டில் போட்டு உட்கார வைத்திருந்தேன்.

மேஸ்திரி வயதில் பெரியவர், அதிகம் பேசாதவர். கலவை போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார்.

“சார், பாத்ரூம் பக்கமா கொஞ்சம் வாட்டம் வெச்சிடலாம். வூடு கழுவுனா தண்ணி ஓடணும்ல?”

“வாட்டமா?” என் வீட்டுக்காரருக்கு அது கெட்ட வார்த்தை மாதிரி கேட்டது. “மெஷின் நிக்கற பெட்டுக்கு எவனாவது வாட்டம் வெப்பானா?”

“மெஷின் பெட்ட வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம யாரு சார் கழுவுறாங்க?”

நியாயமான கேள்வி. வாரா வாரம் கழுவுகிறவள் நான்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? “அவரு சொல்ற மாதிரியே போடுங்க மேஸ்திரி” என்றேன். எனக்கு அண்ணனின் வாயை அடைக்க வேண்டும். மேஸ்திரி தோளை உலுக்கிக்கொண்டு போட்டார்.

தரை காய்ந்து சிவப்பு ஆக்சைடு மெருகேறியதும், கண்ணாடி தோற்றது. என் வீட்டுக்காரர் லெவலை அங்கே வைத்தார், இங்கே வைத்தார், மூலையில் வைத்தார். எங்கே வைத்தாலும் குமிழி நடுவிலேயே நின்றது. ஒரு கோலிக்குண்டை வைத்துப் பார்த்தோம், ஆணி அடித்தாற்போல நின்றது. எங்கள் இருவருக்கும் தலைகால் புரியவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்களையெல்லாம் கூப்பிட்டு அதே கோலிக்குண்டை வைத்து வைத்துக் காட்டினேன். ஒருத்தி, “அதான் நிக்குதே, இன்னா இப்போ?” என்று கேட்டாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவை உள்ளே அழைத்து வந்து, “நைனா, இப்ப எங்கயும் தடுக்காது, ராஜா மாதிரி நடங்க” என்றேன். அவர் இரண்டு அடி வைத்தார். நின்றார். காலால் முன்னும் பின்னும் தடவிப் பார்த்தார். “நல்லா கீதும்மா” என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தது. நாலு வாளித் தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். தண்ணீர் எங்கும் போகவில்லை. ஷட்டரிலிருந்து சமையல் சுவர்வரைக்கும் தெப்பக்குளமாக நின்றது. துடைப்பத்தால் தள்ளினால் போவதுபோலப் போய்த் திரும்பி என் காலடிக்கே வந்தது. ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வந்த வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்தார். “பாத்தியா, எவ்ளோ சமமா நிக்குது! அதான் லெவலு” என்றார். துடைப்பத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டேன். முதுகு ஒடிய ஒரு மணி நேரம் தள்ளினார். அன்றைக்கு அவர் வாயிலிருந்து மேஸ்திரியைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்று வந்தது.

தண்ணீர் ஒன்றும் பெரிய விஷயமில்லை. அதைவிடப் பெரியது கண் எதிரிலேயே நடந்துகொண்டிருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. அப்பா நடமாட்டத்தைக் குறைத்துவிட்டார். கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். பாத்ரூமுக்குப் போக வேண்டுமென்றால், “அம்மா, கொஞ்சம் கையப் புடிக்கிறியா” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வயதாகிவிட்டது, தளர்ச்சி என்று நினைத்தேன். கை பிடித்து அழைத்துப் போவதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை. பிற்பகல் மூன்று மணி இருக்கும். ஒரு கல்யாணத்துக்கு அவசரமாக ஆறு ஜாக்கெட் தைத்துக் கொடுக்க வேண்டியிருந்ததால் மெஷினை விட்டுத் தலை நிமிரவில்லை. அப்பா ஒவ்வொரு முறையும் என்னை எழுப்ப மனசில்லாமல் தானே எழுந்து ஷட்டருக்குப் பக்கத்து நாற்காலிக்குப் போகப் பார்த்திருக்கிறார். பிரேக் போடும் சத்தம் கேட்டது. லாரிக்காரன் ஒருவன் கெட்ட வார்த்தையில் கத்தினான். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அப்பா நெடுஞ்சாலையின் தார் மேல் நின்றுகொண்டிருந்தார். எதிர் டீக்கடைக்காரர் அவர் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார். லாரியின் மூக்கு அவருக்கு மூன்று முழம் தள்ளி நின்றது. அப்பாவுக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்றே தெரியவில்லை.

உள்ளே கொண்டுவந்து தண்ணீர் கொடுத்தேன். பயம் தெளிந்ததும் எனக்கு எப்போதும் வருவது வந்தது.

“கூப்டக் கூடாதா? ஒரு சத்தம் குடுத்தா வந்து நிக்க மாட்டேனா? ரோட்டுக்கு எதுக்குப் போனீங்க?”

“நான் எங்கம்மா ரோட்டுக்குப் போனேன்” என்றார் அப்பா. “சரிவு வந்திச்சி. சரி, வூட்டுக்குள்ளதான் கீறோம், நாற்காலிக்கு இன்னும் பத்தடி கீதுன்னு நடந்தேன்.”

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பழைய தரையில் சரிவு ஷட்டருக்கு உள்ளே இருந்தது. கால் சரிவில் இறங்கினால் முன்பக்கம் வந்துவிட்டோம் என்று அவருக்குத் தெரியும். நாங்கள் அதைத் தூர்த்துவிட்டு ஷட்டருக்கு வெளியே சரிவு வைத்தோம். அவர் காலுக்கு அது பழைய சரிவு.

கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னார். தொம் என்று பலகைச் சத்தம் கேட்டால் கட்டில் இடதுகைப் பக்கம். மேடை இடித்தால் சமையல், அதிலிருந்து வலதுகைப் பக்கம் நாலு அடி வைத்தால் பாத்ரூம் கதவு. வாழ்நாள் முழுக்க வரப்பு மேல் நடந்த கால் அது. ஒவ்வொரு கழனிக்கும் ஒரு மட்டம், நடுவில் ஒரு வரப்பு. எந்தக் கழனியில் நிற்கிறோம் என்று இருட்டிலும் காலே சொல்லிவிடும். அண்ணன் சிரித்த அந்த மேடும் பள்ளமும்தான் அப்பாவுக்குக் கண்ணாக இருந்திருக்கிறது. நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து, ஆள் வைத்து, கருவி கொண்டுவந்து அதைக் குருடாக்கியிருக்கிறோம். அண்ணன் கயிறு கட்டியதும் இதே யோசனைதான் என்று அப்போதுதான் உறைத்தது. அவனை வெட்கமில்லையா என்று கேட்டவள் நான்.

“அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா நைனா?”

அப்பா காலால் தரையைத் தடவினார். “எனக்கோசரம் அவ்ளோ ஆசயா செஞ்ச. மாப்ள வேற அவ்ளோ கஷ்டப்பட்டாரு. மவன் வூடா இருந்தா திட்டியிருப்பேன். பொண்ணு வூட்ல வந்து எப்டிம்மா…” என்று இழுத்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் முன்னால் சத்தமில்லாமல் அழுதேன், அவருக்குத் தெரியாது என்று நினைத்து. கையை நீட்டி என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

சாலையில் நடந்தது பஸ் ஏறி வல்லத்துக்குப் போக ஒரு நாள்கூட ஆகவில்லை. செவ்வாய்க்கிழமையே ஆள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வண்டியோடு வருகிறானாம், அப்பாவைத் தயாராக வைக்க வேண்டுமாம், இனி இது பற்றிப் பேச ஒன்றுமில்லையாம். அவருக்கு ஏதாவது ஆனால் நான் வாயே திறக்கக் கூடாது என்று அன்றைக்கே அவன் சொல்லியிருந்தானே.

என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது முகம் தொங்கிப்போய்விட்டது. குமிழி நடுவில் நின்ற தரையை அவரே உடைக்க வேண்டும். ஒரு ராத்திரி சாப்பிடாமல் படுத்தார். மறுநாள் விடிந்ததும் கையில் சாக்கட்டியோடு அப்பா முன்னால் போய் நின்றார்.

“மாமா, எந்திரிங்க. நடங்க. உங்க காலு எங்க எங்க விழுதுன்னு பாக்கறேன்.”

அப்பா நடக்க நடக்க ஒவ்வொரு அடிக்கும் சாக்கட்டியால் கோடு போட்டார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு இத்தனை அடி, கட்டிலிலிருந்து சமையலுக்கு இத்தனை அடி என்று சிகரெட் அட்டையில் வரைபடம் போட்டுக்கொண்டார். மெஷினுக்கு அளவெடுக்கிறவர் முதல் தடவையாக ஒரு மனிதனின் காலுக்கு அளவெடுத்ததை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது. மேஸ்திரியிடம் போய் இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்டு அழைத்து வந்தோம். அவர் பெரிய மனசுக்காரர், “வாட்டம்” என்ற வார்த்தையை ஒரே ஒரு தடவைதான் சொல்லிக் காட்டினார்.

புதன், வியாழன் இரண்டு நாளும் ஷிப்ட் முடிந்து வந்த கையோடு உளியும் சுத்தியும்தான். ஷட்டருக்குப் பத்தடி முன்னாலேயே சிமெண்டில் வரப்புபோல விரல் தடிமனுக்கு மூன்று வரம்பு. மூன்றும் காலில் பட்டால் அடுத்து நாற்காலி. நாற்காலியைத் தாண்டி ஷட்டருக்கு அடியில் முக்கால் அடிக்குத் திடமான படி, அதைத் தாண்டினால்தான் தெரு. சமையலுக்கு முன்னால் கடப்பாக்கல் துண்டை நட்டு ஒரு சின்ன மேடு. பாத்ரூமுக்குப் போகிற வழியில் மெருகைக் கொத்திச் சொரசொரப்பு. அந்தப் பக்கமாகத் தண்ணீர் ஓட வாட்டம். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையைத் தோண்டி அடியில் வெற்றிடம் விட்டுப் பழைய பலகை ஒன்றைப் பதித்தோம். மிதித்தால் தொம் என்றது.

வேலை நடந்தபோது அப்பா வேப்பமரத்தடிக்குப் போக மாட்டேன் என்றுவிட்டார். நடுவில் வெறுங்காலோடு நின்றுகொண்டார். மேஸ்திரி ஒரு வரம்பு போட்டு முடித்ததும் அதன்மேல் காலை வைத்துப் பார்ப்பார், சரியென்றால் தலையாட்டுவார். வியாழக்கிழமை சாயங்காலம் கடப்பாக்கல்லை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்பா காலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

“ஏய், அறிவு கீதா உனக்கு?” என்றார். “இது இன்னா மேடு? எறும்புக்கா மேடு கட்ற? இன்னும் ஒரு விரக்கடை தூக்கு! கல்லப் புடின்னா கல்லப் புடிக்கத் தெரியல, அங்க இன்னா வேடிக்க?”

மேஸ்திரி திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் உளியைக் கீழே வைத்தார். நாலு மாதமாகக் காத்திருந்த திட்டு அது. இன்னும் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டமாட்டாரா என்று இருந்தது. “தூக்கறேன் நைனா, தூக்கறேன்” என்று கல்லைத் தூக்கிப் பிடித்தேன். அதற்கப்புறம் கலவை அதிகம் என்றார், கல் கோணல் என்றார், டீ ஆறிப்போச்சு என்றார். எல்லாவற்றுக்கும் திட்டு வாங்கினேன்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஒன்று இருந்தது. அப்பா போக மாட்டேன் என்று என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டு, இல்லையம்மா போகிறேன் என்று சொல்லிவிட்டால் அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. காலையில் செம்பரம்பாக்கத்து மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். கை வேலை செய்தது, மனசு ஷட்டர் பக்கமே இருந்தது.

பதினோரு மணிக்கு அண்ணன் ஒரு வேனோடு வந்தான். வெயிலிலிருந்து உள்ளே வந்ததால் கண் பழகவில்லை. முதல் வரம்பிலேயே கால் தடுக்கித் தடுமாறினான், இரண்டாவதில் செருப்பு கழன்றது. என்னைப் பார்த்தான். அவன் வாயில் என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும்.

“இன்னாமே இது, மட்டம் பண்ணிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்த? முன்ன இருந்தத வுட மோசமா கீது! மனுஷன் நடப்பானா இதுல?”

கட்டில் பக்கமிருந்து தொம் என்று கேட்டது. அப்பா எழுந்துவிட்டார். யார் கையையும் தேடாமல், சுவரைத் தொடாமல், அறுத்த நெல்லைக் களத்துக்குக் கொண்டுபோகும்போது நடப்பாரே, அந்த நடை. மூன்று வரம்புகளுக்கும் இந்தப் பக்கம் சரியாக வந்து நின்று கையை நீட்டினார். அண்ணனின் முழங்கை அகப்பட்டது.

“கண்ணு எங்கடா வெச்சிக்கினு வர? இன்னும் ஒரு வரப்பு கீது, காலத் தூக்கி வை” என்று சொல்லி அவனை மூன்றாவது வரம்பைத் தாண்டவைத்து உள்ளே அழைத்துக்கொண்டு வந்தார்.

அண்ணன் அப்பா காட்டிய இடத்தில் உட்கார்ந்தான். தரையைப் பார்த்தான், அப்பாவின் காலைப் பார்த்தான், மறுபடி தரையைப் பார்த்தான். அவன் மக்கு இல்லை. கயிறு கட்டத் தெரிந்தவனுக்கு இது புரியாமலா போகும்? என் பக்கம் திரும்பியபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனாலும் வந்த காரியத்தை விடக் கூடாது என்று நினைத்தானோ என்னவோ, கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டான்.

“நைனா, வண்டி நிக்குது. கெளம்பலாமா?”

நான் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தேன்.

“எங்கடா கெளம்பறது?” என்றார் அப்பா. “வூட்லதான கீறேன்.”

நான் நாலு தட்டு எடுத்து வைத்துச் சோறு போட்டேன்.